பிடுங்கிய கொடியும் மணல் காத்த கீரையும்



இத்திங்கள் கீரையைப் பற்றி எழுதப் போகின்றோம் என்றால், பங்குக் குருவுக்கு எழுதுவதற்குப் பொருள் வற்றிவிட்டதோ என்று நம் இல்லத்துத் தாய்மார்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் சற்றே பொறுத்தருள்க. கீரையில் தொடங்கினும், நாம் எழுதப் போவது நாமே செய்த ஒரு பிழையைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டு மே திங்களில் சோலூரிலிருந்து இருபத்துமூன்று இளையோரை அழைத்துக்கொண்டு நாகை மாவட்டத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மலையிலேயே பிறந்து, தேயிலைத் தோட்டத்தையும் கேரட் வயலையும் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் பாதிப் பேர் கடலை அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். வெறுமனே கடலில் குளித்துவிட்டுத் திரும்புவது நன்றன்று, ஏதேனும் ஒரு பணி செய்துவிட்டுத் திரும்புவோம் எனக் கருதி, கோயிலுக்கு முன்னிருந்த கரையைத் துப்புரவு செய்ய முடிவு செய்தோம். நெகிழிப் பைகள், அறுந்த நைலான் வலைகள், பாட்டில்கள் என்று பன்னிரண்டு சாக்குகள் நிறைந்தன. அதுவரை பிழை ஏதுமில்லை.

அதன்பின் மணல்மேட்டின் மீது படர்ந்து கிடந்த கொடிகள் நம் கண்ணில் பட்டன. குப்பையெல்லாம் அவற்றில்தான் சிக்கிக் கிடந்தது. "இந்தக் களையையும் பிடுங்கிவிடுங்கள், கரை கண்ணுக்கு அழகாக இருக்கும்" என்று ஆணையிட்டவர் வேறு யாருமல்லர், நாமே. மலைப் பிள்ளைகளுக்குக் களை பிடுங்கக் கற்றுத்தர வேண்டுமா? அரை மணி நேரத்தில் முற்றம் பெருக்கியதுபோல் ஒரு பரப்பு வெறுமையாயிற்று. அப்போது வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து விரைந்து வந்தார்.

"சாமி, பிள்ளைகளை நிறுத்தச் சொல்லுங்க. இந்தக் கொடி கிடந்தாத்தான் மணல் கிடக்கும். கொடி போனா மணலும் போயிடும். அப்புறம் காத்து அதை எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டும்" என்றார்.

அவர் குரலில் கடுமை இல்லை. குருவானவரிடம் கடிந்து பேசக்கூடாதென்ற தயக்கமே இருந்தது. அத்தயக்கம்தான் நம்மை மிகவும் சுட்டது. பிடுங்கிய கொடிகளை அவரே திரட்டி, மேட்டின் அடியில் மணலைத் தோண்டிப் புதைத்து வைத்தார். சில கணுக்களாவது வேர்விடுமாம்.

இந்நிகழ்ச்சியை நாம் மறந்திருக்கக்கூடும். ஆனால் ஜூலைத் திங்களில், நம்முடன் குருமடத்தில் பயின்று இப்போது நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் பங்குப்பணி ஆற்றிவரும் நண்பர் விடுமுறைக்கு வந்து நம் குருமனையில் நான்கு நாள் தங்கினார். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் நம் பிழையை அவரிடம் கூறினோம். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் கரையில் நீங்கள் அதைச் செய்திருந்தால் வழக்கே வந்திருக்கும்" என்றார். அங்கே கோடைக்காலத்தில் கரையின் சில பகுதிகளில் கழிகளை நட்டுக் கயிறு கட்டியிருப்பார்களாம். கயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், தரையோடு தரையாக ஒரு கீரைச்செடி!

ஆம், கீரைதான். நாம் உண்ணும் முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்ததே அது. நம் குப்பைமேட்டில் தானாக முளைக்கும் குப்பைக்கீரைக்கும், காலில் குத்தும் முள்ளுக்கீரைக்கும் உடன்பிறந்தது எனலாம். தாவர நூலார் அதனை 'அமராந்தஸ் பூமிலஸ்' என்பர். பூமிலஸ் என்றால் இலத்தீன் மொழியில் குள்ளன் என்று பொருள். 1808-ஆம் ஆண்டில் இராஃபினெஸ்க் என்னும் இயற்கை நூலார் அப்பெயரை இட்டார். நாம் அதைக் கடற்கரைக் கீரை என்றே அழைப்போம்.

அதன் வாழ்வு ஓராண்டுக்குள் முடிந்துவிடும். வேனில் தொடக்கத்தில் முளைத்து, கோடையில் பூத்து, விதை தந்து, உறைபனி விழுந்ததும் மடியும். தண்டு சிவந்து சதைப்பற்றோடு இருக்கும். இலைகள் சிறிய நாணயம்போல் வட்டமாய், நுனியில் ஒரு வெட்டுடன், கிளைகளின் முனைகளில் குவிந்து நிற்கும். நிமிர்ந்து வளராமல் மணலை அணைத்தவாறு நாற்புறமும் படரும். பெரும்பாலும் ஒரு சாண், இரு சாண் அகலமே. நல்ல இடம் வாய்த்த செடி ஒரு மீட்டர் அகலத்தையும் எட்டும். அலையேற்றத்தின் எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே, வேறெந்தச் செடியும் குடியேறத் துணியாத வெறும் மணலில்தான் அது வாழும். உப்புக்காற்றும் சுடுமணலும் அதற்குப் பொருட்டல்ல. ஆனால் பிற செடிகளோடு நெருங்கி நின்று போட்டியிட மட்டும் அதற்குத் தெரியாது. புல் வந்து சேர்ந்தால் அது இடம் விட்டுப் போய்விடும்.

இவ்வளவு சிறிய செடியால் ஆவது என்ன? கடலிலிருந்து வீசும் காற்று மணலை உருட்டிக்கொண்டு வருகிறது. வழியில் ஒரு தடை இருந்தால் அங்கே காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுமையை இறக்கத்தானே வேண்டும்? செடியின் கிளைகளுக்கிடையே மணல் தங்குகிறது. தங்கிய மணலுக்கு மேலே செடி தலை நீட்டுகிறது. மீண்டும் மணல் சேர்கிறது. நன்கு படர்ந்த ஒரே செடி இரண்டடி உயரம்வரை மேடு எழுப்பி, இரண்டு மூன்று கன மீட்டர் மணலைப் பிடித்து வைக்க வல்லது என்று கணித்திருக்கின்றனர். மூன்று கன மீட்டர் என்றால் ஒரு சிறிய லாரிச் சுமை அன்றோ! நூறு ரூபாய்க்கு ஒரு கட்டு கீரை விற்றாலும் இவ்வளவு வேலைக்கு அது ஈடாகாது என்று நம் சமையற்காரர் கூறியதை இங்கே பதிவு செய்கின்றோம்.

விதையின் கதை இன்னும் சுவையானது. கீரை விதை எத்துணைச் சிறிது என்பது நம் தாய்மார்க்குத் தெரியும். கடற்கரைக் கீரையின் விதையோ ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். அக்கீரை இனத்திலேயே மிகப் பெரியது. விதையைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று இருப்பதால் அது நீரில் மிதக்கும், காற்றிலும் உருண்டோடும். ஆனால் எல்லா விதைகளும் பயணம் போவதில்லை. ஒரு பகுதி தாய்ச்செடியை விட்டுப் பிரியாமல், செடி மடிந்த இடத்திலேயே மணலில் புதைந்துவிடும். வீட்டில் ஒரு பிள்ளையை நிலத்தோடு நிறுத்திக்கொண்டு, மற்றொரு பிள்ளையைத் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பிவைக்கும் நம் குடும்பங்களின் கணக்கும் இதுதானே! புதைந்த விதை குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் கண் விழிக்கும். வாய்ப்பான நிலை அமையாவிடில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கவும் அதற்குத் தெரியும்.

முற்காலத்தில் மசாசூசெட்ஸ் முதல் தென் கரோலினா வரை ஒன்பது மாநிலங்களின் கரைகளில் இச்செடி இருந்தது. பின்னாளில் கணக்கெடுத்தபோது அவற்றுள் மூன்றிலிரண்டு பங்கு இடங்களில் அது இல்லை. நியூயார்க், வட கரோலினா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டுமே எஞ்சியிருந்தது. 1993 ஏப்ரலில் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையை நெருங்கும் உயிரினமாக அறிவித்துச் சட்டக் காவல் அளித்தது.

அழித்தது யார்? புயல் என்று நினைக்கத் தோன்றும். புயலுக்கும் பங்குண்டு. 1989-இல் வந்த ஹியூகோ புயலுக்கு முன் தென் கரோலினாவில் ஏறத்தாழ 1,800 செடிகள் இருந்தன. பின் எண்ணியபோது 200-க்கும் குறைவு. ஆயினும் புயல் ஓரிடத்தில் அழித்து வேறோரிடத்தில் புதிய மணற்பரப்பை விரித்துத் தரும். செடிக்கு அது பழகிப்போன வாழ்வு. பழகாதவை வேறு. கரையோரம் கட்டிய கல் சுவர்கள் அது வாழ வேண்டிய மேல்மணலையே இல்லாமற் செய்தன. மணலில் ஓடிய வண்டிகள் அதை நசுக்கின. கோடைப் பயணிகளுக்காகக் கரையை நாள்தோறும் பரம்பு இழுத்துத் துப்புரவாக்கிய எந்திரங்கள் முளையிலேயே அதைக் கிள்ளின.

கரையைத் துப்புரவாக்குதல்! நண்பர் இச்சொல்லைக் கூறியபோது நாம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டோம்.

நியூஜெர்சி மாநிலத்தில் இக்கீரையைக் கடைசியாகக் கண்டது 1913-இல். அதன்பின் எண்பத்தேழு ஆண்டுகள் அங்கே அதைக் கண்டவர் இல்லை. 2000-ஆம் ஆண்டில் அது மீண்டும் தோன்றியது. அரித்துப்போன கரையை நிரப்பக் கடலுக்கடியிலிருந்து மணலை வாரிக் கொட்டியபோது, அதில் உறங்கிக்கிடந்த விதைகளே முளைத்திருக்கும் என்று கருதுவோர் உளர். மண்ணில் புதைந்தது எல்லாம் மடிந்தது ஆகாது என்பதை நம் போன்றோர் மறையுரையில் எத்தனை முறை கூறியிருப்போம்! கீரை அதைச் செய்தே காட்டிவிட்டது.

குருமடத்தில் கிரேக்கம் பயின்ற பழக்கத்தால் பெயரையும் ஆராய்ந்தோம். 'அமராந்தோஸ்' என்றால் வாடாதது என்று பொருள். பின்னாளில் மலரைக் குறிக்கும் 'ஆந்தோஸ்' என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டதால்தான் தாவரப் பெயரில் எழுத்து சற்று மாறியது என்பர். தூய பேதுருவின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில், மேய்ப்பர்களுக்கு வாக்களிக்கப்படும் வாடாத மணிமுடிக்கு இதே வேர்ச்சொல்தான் கிரேக்க மூலத்தில் வருகிறது. நம் கல்லறைகளில் நவம்பர் 2-ஆம் நாள் வைக்கின்றோமே வாடாமல்லி, அதுவும் இக்கீரைக் குடும்பத்தது. கிரேக்கரும் தமிழரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பெயரைத் தேர்ந்தெடுத்தது விந்தையே.

நம் தமிழகக் கரையில் அமெரிக்கக் கடற்கரைக் கீரை இல்லை. ஆனால் அது செய்யும் வேலையைச் செய்வோர் உளர். நாம் பிடுங்கச் சொன்ன கொடி அடும்பு. ஆட்டுக் குளம்பை ஒத்த பிளந்த இலையும், ஊதா நிறப் புனல்போன்ற பூவும் உடையது. கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைத் தைத்துவைக்கும். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போது இதை மறவார். தலைவனின் தேர்ச்சக்கரம் அடும்புக் கொடியை அறுத்துக்கொண்டு ஓடும் காட்சி அப்பாடல்களில் வருகிறது. தேர் போய் டிராக்டர் வந்துவிட்டது. கொடியின் நிலை மாறவில்லை. அடும்போடு இராவணன் மீசைப் புல்லும் சேர்ந்தால் மேடு உறுதிப்படும். உப்பங்கழியின் ஓரம் வளரும் உமரிக்கீரையை இன்றைய தாவர நூலார் கீரைக் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டனர். வேதாரண்யத்துச் சதுப்பில் அதைக் காணலாம். வறுமைக் காலத்தில் அதன் உப்பை வேகவைத்து நீக்கி உண்ட குடும்பங்கள் கடலோரத்தில் உண்டு.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. உயர்ந்த மணல்மேடுகளின் பின்னிருந்த சில ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பின்னர் ஆய்ந்தவர்கள் குறித்துள்ளனர். மணல்மேடு எல்லாரையும் காத்திருக்கும் என்று கூறுவது பொய்யாகும். அந்த முதியவரும் அப்படிக் கூறவில்லை. "மேடு இருந்த பக்கம் தண்ணி கொஞ்சம் தாமதமா வந்துச்சு சாமி. அந்தக் கொஞ்சத்துல நான் பேரனைத் தூக்கிட்டேன்" என்றார். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை. மணல்மேடுகளைக் கடலோர ஒழுங்காற்றுச் சட்டம் காப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. இருந்தும் மேடுகள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. வீடு இடிந்து கடலில் விழும் ஊரார் தூண்டில் வளைவும் கருங்கல் சுவரும் கேட்பதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நம் வீடு விழுந்தால் நாமும் கேட்போம்.

கடலைப் பற்றி எழுதுகிறீரே, மலைக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு உண்டு.

ஒன்று, கீரை நம் மலையின் பழைய தானியம். 1800, 1801-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர், மைசூருக்கும் கோயம்புத்தூருக்கும் இடைப்பட்ட மலைகளில் மக்கள் விதைக்காகவே ஒரு கீரையைப் பயிரிட்டு, அவ்விதையை மாவாக்கி உண்பதைக் கண்டார். நீலகிரியின் படுகரும் சாமை, கொறலி, கேழ்வரகு இவற்றோடு கீரையையும் விதைத்தனர். 1819-இல் சல்லிவன் துரை மலையேறிய பின் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வந்தன, பின்னர் தேயிலை வந்தது, கீரைத் தானியம் வேலியோரத்துக்கு ஒதுங்கிற்று. பயிர் ஒதுங்குவது புதிதன்று. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் கீரை விதை மாவில் தெய்வ உருவம் செய்து பங்கிட்டு உண்டதைக் கண்ட ஸ்பானிய மறைப்பணியாளர் அதை நற்கருணையின் கேலி எனக் கருதி அவ்வழிபாட்டை அடக்கினர். பயிரும் அருகிற்று. களை எது, பயிர் எது என்று அவசரப்பட்டுத் தீர்ப்பிடும் குணம் குருக்களுக்குப் பழையது போலும்.

மற்றொன்று, மண். நம் கேரட் வயல்களையும் தோட்டங்களையும் பாருங்கள். ஒரு பச்சை இலை தப்பாமல் கொத்தி, சரிவு முழுவதையும் சிவந்த வெறுமண்ணாக வைத்திருந்தால் "சுத்தமான வயல்" என்று பாராட்டுகின்றோம். மழை வந்தால் அச்சுத்தமெல்லாம் ஓடையில் சிவப்பு நீராய் இறங்கி ஓடுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மண் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. அச்சரிவுக்குக் காரணம் பலவாகும். களை பிடுங்கியதால்தான் சரிந்தது என்று நாம் எழுதவில்லை. ஆயினும் சரிவின் ஓரத்தில் ஒரு முழம் புல்லையும் கீரையையும் விட்டுவைத்தால் குடும்பத்துக்கு இழப்பு என்ன என்று நம் பங்கின் விவசாயிகளைக் கேட்டோம். இருவர் விட்டுவைத்துள்ளனர். மற்றவர் "பார்க்கலாம் சாமி" என்றனர். பார்க்கலாம்.

இனி அக்கடற்கரைக்கு வருவோம். ஆகஸ்டில் அப்பங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. திருவிழாவுக்கு வரும் வண்டிகளை நிறுத்த இடம் போதாமையால், கோயிலுக்கு முன்னுள்ள மணல்மேட்டைச் சமன் செய்யப் போகின்றனராம். நாம் இரண்டு இரவு எண்ணிப் பார்த்துவிட்டு, அப்பங்குக் குருவுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினோம். நம் இளையோர் அனைவரும் கையொப்பமிட்டனர். முதலில் நம் பிழையைத்தான் எழுதினோம். பிறகே கீரையின் கதை. அவர் நம்மைவிட இளையவர். சினம் கொள்ளாமல் பங்குப் பேரவையில் அதை வாசித்தார். காரசாரமாக விவாதம் நடந்ததாகக் கேள்வி. வண்டி நிறுத்த இடமின்றித் திருவிழா நடத்தும் துன்பத்தை நாமும் அறிவோம். எதிர்த்துப் பேசியவர்களைத் தீயோர் என்று நினையற்க. முடிவில் மேட்டின் தென்பாதி போயிற்று. வடபாதி நிற்கிறது.

சனவரியில் நாம் மீண்டும் சென்றோம். வெட்டிய முகப்பில் அடும்பின் வேர்கள் அடுக்கடுக்காய், பழைய பாயின் கோரைபோல் தொங்கின. எத்தனை ஆண்டு மணலை அவை மடியில் ஏந்தியிருந்தனவோ! முதியவர் வெட்டின் அடியில் அடும்புத் துண்டுகளை நட்டு, சுற்றிலும் பழைய வலையைக் கட்டியிருந்தார். நம் பிள்ளைகள் குனிந்து எண்ணினர். நட்டவை இருபத்தேழு, தழைத்தவை பதினொன்று.

நாம் கையோடு ஒரு பொட்டலம் கொண்டு சென்றிருந்தோம். சோலூரில் நம் குருமனைக்குக் கீழ்வீட்டுப் படுகப் பாட்டி தம் வேலியோரம் நான்கைந்து கீரைச் செடிகளை இன்றும் வைத்திருக்கிறார். செந்நிறக் கதிர் முற்றியதும் கையால் தேய்த்துப் புடைத்து, ஒரு பிடி விதையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். கடற்கரை மணலில் மலைக் கீரை வருமா என்று நமக்கு ஐயம்தான். முதியவர் விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னதா இருக்கே சாமி" என்றார். பின் அதை மடியில் முடிந்துகொண்டு, கொல்லைக் கிணற்றடியில் முதலில் தூவிப் பார்ப்பதாகச் சொன்னார்.